ஃபோனி என்ற சொல்லும் அத்தான் போட்ட மோதிரமும்

கையில் மைக்கைக் கொடுத்தால் எந்த மனிதனுக்கும் கொஞ்சம் புத்தி பேதலிக்கும். எனக்குப் பேதலிக்க மைக் கூடத் தேவையில்லை, நாலு பேர் என் பக்கம் திரும்பினால் போதும். அப்படிப்பட்ட என்னிடம், நானூறு பேர் இருந்த மண்டபத்தில், என் சொந்த அக்காவின் கல்யாணத்தில், பத்து நிமிடம் பேசு என்று மைக்கைக் கொடுத்தார்கள். ஏழாவது நிமிடத்தில் அத்தானின் மானத்தை வாங்கிவிட்டேன். மீதி மூன்று நிமிடம் நான் பேசவில்லை. (என் வாழ்க்கையில் நான் ஆற்றிய நல்ல உரை அந்த மூன்று நிமிடந்தான்.)

இது நடந்து பத்து வருடம் இருக்கும். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தொலைபேசியில் பேசுகிற வேலை. ஒன்பது வயதில் கனடாவுக்கு வந்தவன் என்பதால் ஆங்கிலம் எனக்குப் பிதுரார்ஜிதச் சொத்து என்று ஒரு நினைப்பு. மூக்கால் பேசுவேன். சனிக்கிழமைகளில் ஸ்காபரோவில் கொத்துரொட்டி வாங்கப் போகும்போதும் மூக்கால்தான் பேசுவேன். கடைக்காரர் எனக்குத் தடிமன், மூக்கடைப்பு என்று நினைத்து ஒருமுறை இஞ்சிப் பிளேன்ரீ தந்தார்.

இது போதாதென்று எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் நாளுக்கொரு ஆங்கிலச் சொல் அனுப்புகிற சேவையும் செய்துவந்தேன். யாரும் கேட்கவில்லை. பழைய புத்தகங்கள் விற்ற ஒரு வீட்டு வாசலில் சொற்பிறப்பு அகராதி ஒன்று அகப்பட்டதிலிருந்து எனக்கு அந்த வியாதி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று தலைப்பு போடுவேன்: பொருள், பிறப்பு, பிரயோகம். பதிலுக்குப் பெரியம்மா ரோசாப்பூ அனுப்புவார். மாமா பிள்ளையார் படம் அனுப்புவார். ஒருநாள் யாரோ அழுகிற முகம் போட்டிருந்தார்கள். கை தவறிப் பட்டது என்று பிறகு விளக்கம் வந்தது, நான் நம்பவில்லை.

உண்மையில் என் சொற்களைப் படித்தவர் ஒரேயொருவர்தான். அக்காவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை, அதாவது அத்தான். கனடாவுக்கு வந்து நாலு வருடம். ரெக்ஸ்டேலில் ஒரு பாண் தொழிற்சாலையில் ரொட்டி சுடுகிற வேலை. மெல்லிய குரல், கேட்டதற்கு மட்டும் பதில். இங்கே அவருக்கென்று இருந்த சொந்தம் ஒரு சித்தி மட்டும். ஒருநாள் என்னிடம், "நீர் போடுற சொல்லுகளை நான் கொப்பியிலை எழுதி வச்சு பிறேக்கிலை படிக்கிறனான் தம்பி" என்றார். நான் அதைக் கேட்டு நெகிழவில்லை. பாண் பட்டறை ஆள்தானே, படிக்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதக் கூசுகிறது, ஆனால் நினைத்தது உண்மை.

கல்யாண நாள் மார்ச் மாதத்தில். வெளியே பனி. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று அவர் காலைக் கழுவ வேண்டும். கழுவிய தோழனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவார். பிறகு தோழன் அவர் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போவான். தோழன் நான்தான். செம்புத் தண்ணீரை நான் அத்தானின் காலில் ஊற்ற, அவர் "அம்மாடி!" என்று ஒரு சத்தம் போட்டார். குளிர் தண்ணீர். சுடுதண்ணீர் கொஞ்சம் கலக்கவேண்டும் என்ற அறிவு சொற்பிறப்பு அகராதியில் இல்லை. பின்னால் தானியங்கிக் கதவு ஆள் நிற்கிறது என்று திறக்கவும் மூடவுமாக இருந்தது. அந்தக் கூத்துக்குள் நடுங்கிய கையால் அத்தான் என் விரலில் மோதிரத்தைப் போட்டார். அகலமான, பளபளவென்ற மோதிரம். நான் அதைக் கண்ட எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்த மண்டபத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வாசலில் நின்ற இரண்டு வாழையும் பிளாஸ்டிக். மாவிலைத் தோரணம் துணி. மணவறைத் தூண்கள் தெர்மோகோல் மாதிரியான ரெஜிபோம், தோளால் இடித்தால் ஆடும். வாசலில் நின்ற யானையை இரண்டு பேர் ஒரு வான் வண்டியிலிருந்து தூக்கி இறக்கினார்கள். அக்காவின் முகத்தில் பூசியிருந்த பூச்சில் அவளை முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒருத்தரும் எதையும் குறை சொல்லவில்லை. "என்ன வடிவான டெக்கரேசன்!" என்று எல்லாரும் யானையோடு நின்று படம் எடுத்தார்கள். தாலி கட்டியாயிற்று. சாப்பாட்டுக்கு முன்னர் பெண்ணின் தம்பி பேசுவார் என்று அறிவித்தார்கள்.

வேறு யாராவது என்றால் அக்காவைப் பற்றி இரண்டு பகிடி, அத்தானைப் பற்றி ஒரு புகழ்ச்சி, எல்லாரும் சாப்பிடுங்கோ என்று இறங்கியிருப்பார்கள். நான் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு ஏறினேன். ஃபோனி. "இண்டைய சொல் ஃபோனி" என்று நான் தொடங்கியதும் வட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்தி என்று நினைத்தேன்.

முதலில் பொருள். ஃபோனி என்றால் போலி, செயற்கை, இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. பொருளுக்கும் சொல்லலாம், ஆளுக்கும் சொல்லலாம்.

அடுத்தது பிறப்பு. டெலிபோனிலிருந்து வந்த சொல் என்று சிலர் சொல்வார்கள், அறிஞர்கள் அதை ஏற்பதில்லை என்று நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன். (அந்த அறிஞர்களில் நானும் ஒருவன் என்பதுபோல.) அயர்லாந்து மொழியில் மோதிரத்துக்கு ஒரு சொல் உண்டு. அது லண்டன் திருடர்களின் வாய்க்குள் போய் ஃபோனி என்று ஆனதாக நம்புகிறார்கள். அந்தத் திருடர்களுக்கு ஒரு தொழில் இருந்தது. முலாம் பூசிய பித்தளை மோதிரத்தைத் தெருவில் போட்டுவிட்டு, வழியால் வருகிறவன் முன்னால் தாங்களே கண்டெடுப்பார்கள். அட, தங்கம்! உனக்கும் பங்கு, பாதி விலையைத் தந்து நீயே வைத்துக்கொள் என்பார்கள். வாங்கினவன் வீட்டுக்குப் போய்த்தான் அழுவான். சபை இந்தக் கதையை உண்மையாகவே ரசித்தது. சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது.

"இப்ப பிரயோகம்" என்றேன். கையைத் தூக்கி மோதிரத்தைக் காட்டினேன். "இது ஃபோனி இல்லாத மோதிரம். போட்ட என்ரை அத்தான் ஃபோனி இல்லாத மனிசன். சந்தேகம் எண்டால் எங்கடை சிவலிங்கம் அங்கிளைக் கேளுங்கோ!"

சிவலிங்கம் அங்கிள் நகைக்கடை வைத்திருப்பவர். அப்பாவின் பழைய கூட்டாளி, முன்வரிசையில் வயிற்றைத் தடவிக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். நான் இறங்கிப் போய் மோதிரத்தைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். அங்கிள் சிரித்தபடி வாங்கினார். கண்ணாடியை உயர்த்தி உட்பக்கத்தைப் பார்த்தார். பெருவிரலால் ஒருமுறை தேய்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"நல்ல மோதிரம் தம்பி" என்று திருப்பி நீட்டினார்.

"நல்லதெண்டு சொன்னாக் காணாது அங்கிள். எத்தினை கரட்?"

"சாப்பாடு ஆறுது தம்பி. உதைப் பிறகு பாப்பம்."

"சாப்பாடு ஓடிப்போகாது அங்கிள். சபைக்குச் சொல்லுங்கோ!"

"நாளைக்குக் கடைக்கு வாரும், வடிவாப் பாத்துச் சொல்லுறன்."

அந்த நல்ல மனிதர் மூன்று தரம் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். நான் அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்து, மைக்கை அவர் வாயில் முட்டுகிறமாதிரிப் பிடித்தேன். "விடமாட்டன் அங்கிள்! எத்தினை கரட்?"

அவருக்கும் ஒரு தொழில் இருக்கிறது. பித்தளையைப் பவுண் என்று நானூறு வாடிக்கையாளர் முன்னால் அவரால் சொல்ல முடியாது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ஒரு கரட்டும் இல்லைத் தம்பி. உது கவரிங்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் அங்கிளும் முன்பே பேசிவைத்துச் செய்கிறோம் என்று எல்லாரும் நினைத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மேசையாக அங்கிளின் முகத்தைப் பார்த்தார்கள், மணவறைப் பக்கம் பார்த்தார்கள், சிரிப்பு அடங்கிப்போனது. ஊரில் இருந்த தன் தாய் கல்யாணத்தைப் பார்க்கவேண்டும் என்று அத்தான் ஆசைப்பட்டிருந்தார். அதற்காகக் காலையிலிருந்து போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்த சித்தி, அந்தப் போனைச் சட்டென்று மேசையில் கவிழ்த்துவைத்தார்.

மணவறையில் அக்கா ஏதோ சொல்ல எழும்பினாள். அத்தான் அவள் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையை ஆட்டியதைக் கண்டேன். அவரே இறங்கி வந்தார். என்னிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"அங்கிள் சொன்னது சரி. அது கவரிங்தான். என்னாலை ஏலுமானது அவ்வளவுதான். தம்பி, குறை நினையாதையும்."

மைக்கை என்னிடமே திருப்பித் தந்துவிட்டுப் போய் அமர்ந்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. அதுவும் அவருக்காக இல்லை, எனக்காக. இப்படி ஒரு கஞ்சனுக்கா என் அக்கா என்று உள்ளே கொதித்தது. சாப்பாட்டு வரிசையிலேயே கதை பிறந்துவிட்டது. "பாருங்கோ, மச்சானுக்கே கவரிங்!" என்று கத்தரிக்காய்க் குழம்பை அள்ளிக்கொண்டு ஒரு அன்ரி சொன்னார். அக்காவைக் காட்டி, "பாவம் பெட்டை, தாய் இவ்வளவு பவுணைப் போட்டு அனுப்புது" என்றார் இன்னொருவர். நான் ஆமோதித்துத் தலையாட்டினேன்.

பின்னேரம் மோர்னிங்சைட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு அம்மாவைக் காரில் கூட்டிப்போனேன். ஓட்டிக்கொண்டே பொரிந்து தள்ளினேன். "உப்பிடி ஒரு ஆளுக்கு அக்காவைக் குடுத்திருக்கிறியளே அம்மா. ஒரு பவுண் மோதிரத்துக்கு வக்கில்லை. எனக்கு வெக்கமா இருக்கு!"

மடியில் பலகாரப் பெட்டியோடு இருந்த அம்மா, "வாயை மூடடா" என்றார். பிறகு அழத் தொடங்கினார்.

"அவர் உனக்கு வாங்கின பவுண் மோதிரம் எங்கடை பாங்க் லொக்கரிலை கிடக்கு."

"என்னம்மா சொல்லுறியள்?"

"போன மாசம் ஒரு கலியாணத்திலை பொம்பிளையின்ரை நகைப்பெட்டியைக் களவெடுத்துப்போட்டாங்கள் எண்டு கேள்விப்பட்டனான். அதுதான் பயத்திலை நான் அவரைக் கேட்டனான். கலியாண ஹோலுக்கு அசல் ஒண்டும் வேண்டாம், தாலியும் கொடியும் மட்டும் போதும், மற்றதெல்லாம் கவரிங்கிலை போடுவம் எண்டு. அவர் ஓம் மாமி எண்டு மோதிரத்தையும் என்னட்டைத் தந்தவர். உனக்குப் போட்டதும் நான் வாங்கிக் குடுத்த கவரிங்தான்."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். "அப்ப அக்கா போட்டிருந்த அட்டியல்? காப்பு? பதக்கம்?"

"எல்லாம் கவரிங்."

"அப்ப நீங்கள் எழும்பிச் சொல்லியிருக்கலாமே அம்மா!"

"என்னெண்டு சொல்லுறது? அசல் லொக்கரிலை கிடக்கெண்டால் ஆர் நம்புவினம்? பொம்பிளைக்குக் கவரிங் போட்டுப் ஏமாத்திப்போட்டினம் எண்டெல்லோ சனம் கதைக்கும். நான் எல்லாரிட்டையும் பெருமை கதைச்சு வச்சிருக்கிறன்."

"எனக்காவது முதலே சொல்லியிருக்கலாம்."

"உனக்குச் சொன்னால் நீ குறூப்பிலை போட்டிடுவாய் எண்டு பயந்தனான்" என்றார் அம்மா. நான் போட்டுத்தான் இருப்பேன், மூன்று தலைப்போடு.

மூன்றாம் நாள் டோர்செட் பார்க்கில் அவர்கள் குடிபோன அடுக்குமாடிக்குப் போனேன். அத்தான் அடுத்த நாள் வேலைக்குப் போடுகிற சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்கவென்று வழி முழுக்கப் பாடமாக்கிய வசனங்கள் ஒன்றும் வரவில்லை. "ஏன் அத்தான் உண்மையைச் சொல்லாமல் நிண்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லியிருந்தால் சனம் முழுக்க உங்கடை அக்காவின்ரை கழுத்தையெல்லோ பாத்திருக்கும். கலியாணத்தண்டைக்கு அவ அழக்கூடாது" என்றார். சட்டையின் கைகளை நிதானமாகத் தேய்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு, "என்னட்டை ஆர் தம்பி பவுணை எதிர்பாத்தவை?" என்றார்.

அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. என்னை ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அயன் மேசைக்கடியிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். "இந்தாரும், உம்மடை மோதிரம். மாமி எடுத்துத் தந்தவ." உள்ளே அசல் பவுண் மோதிரம். பார்வைக்கு மற்றதைப்போலவே இருந்தது. அம்மா அப்படிப் பார்த்துத்தான் கவரிங்கை வாங்கியிருக்கிறார்.

"நான் உண்மையை குறூப்பிலை எழுதிவிடுறன் அத்தான்" என்றேன்.

குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "நீ இனி ஒரு சொல்லும் எழுதக்கூடாது!" அன்று அவள் அத்தானுக்கு மட்டும் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த நாள் குழுவிலிருந்து விலகினாள். ஒன்றரை வருடம் என்னோடு பேசவில்லை.

நான் அந்தச் சேவையை நிறுத்திவிட்டேன். சனம் நிறுத்தவில்லை. அத்தானுக்குக் 'கவரிங் மாப்பிள்ளை' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் மேற்பார்வையாளராக உயர்ந்தார், கவரிங் மாப்பிள்ளைக்குப் புறமோசன் என்றார்கள். வீடு வாங்கினார், செங்கல்லைச் சுரண்டிப் பாருங்கோ என்றார்கள். சொல்லும்போதெல்லாம் முதலில் சிரிப்பவர் அத்தான்தான். அவர் சிரிப்பதால் அவருக்கு வலிக்கவில்லை என்று எல்லாருக்கும் ஒரு சமாதானம். ஒரு மனிதனின் பெயரைக் கெடுக்க நானூறு பேர் கூடினார்கள், திருத்த ஒருத்தன்கூட முன்வரவில்லை. அந்த ஒருத்தன் நானாக இருந்திருக்கவேண்டும். அம்மாவின் மானம் ஒரு பக்கம், அக்காவின் கட்டளை ஒரு பக்கம் என்று எனக்கு எப்போதும் ஒரு காரணம் கைவசம் இருந்தது.

அசல் மோதிரத்தை நான் போட்டுக்கொண்டுதான் திரிகிறேன். விசேசங்களில் யாராவது என் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். "இது அந்த மோதிரமெல்லோ! பத்து வரியமாச்சு, இன்னும் கறுக்கேல்லையே! எங்கை வாங்கினது எண்டு உன்ரை அத்தானைக் கேட்டுச் சொல்லு, நாங்களும் வாங்குவம்" என்பார்கள். இதுதான் எங்கள் குடும்பத்தின் நிரந்தரப் பகிடி. அத்தானிடம் நேரில் கேட்டவர்களும் உண்டு. "அந்தக் கடை பூட்டியாச்சு அன்ரி" என்று முகம் மாறாமல் சொல்வார்.

போன மாதம் அக்காவின் மகளுக்கு, என் மருமகளுக்கு, எட்டாவது பிறந்தநாள். அவர்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. யாரோ வழக்கம்போல என் கையைப் பிடித்துப் பகிடி விட, எல்லாரும் சிரித்து முடித்து வேறு கதைக்குப் போய்விட்டார்கள். மருமகள் போகவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, இஸ் இட் ட்ரூ? அப்பா உங்களுக்கு ஃபேக் ரிங்கோ குடுத்தவர்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சட்டியும் அகப்பையுமாக நின்ற அத்தானைப் பார்த்தேன். அன்று மணவறையில் ஆட்டியதைப்போலவே, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஓம்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு போய் அத்தானின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இட்ஸ் ஓகே அப்பா. நீங்கள் அப்ப பூவர்தானே."

"ஓம் பிள்ளை" என்று அத்தான் அவள் தலையைத் தடவினார். அக்கா சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பி அறைக்குள் போனாள்.

ஒரு குழந்தை தன் தகப்பனை, அவர் செய்யாத ஒன்றுக்காக மன்னித்ததை நான் கோழிக்கறியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். சீ, என்ன மனிதன் நான்! அன்றைக்கு வாயைத் திறந்து கெடுத்தேன், இன்றைக்கு வாயைத் திறந்தும் அதையேதான் செய்தேன். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். அம்மா வாசித்துவிட்டுத் திட்டுவார், திட்டட்டும். சொந்தக்காரர்கள் வாசித்துவிட்டு, அத்தானைக் காப்பாற்றப் புழுகி எழுதியிருக்கிறான் என்பார்கள், சொல்லட்டும். அவர்களுக்காக எழுதவில்லை. ஒரு ஆளுக்குத் தெரியவேண்டும் என்றுதான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன்.

ஆனால் என் மருமகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் தமிழில் எழுதினேனோ என்னவோ.